உப்புத் தண்ணியும் கொழுப்புச் சவ்வும்: பரப்பு மின்னழுத்தம் அளக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் செய்த லிப்போசோமை (கொழுப்புச் சவ்வாலான நுண்குமிழி) ஜீட்டா கருவியில் (குமிழிப் பரப்பை ஒட்டிய மின்னழுத்தத்தைச் சொல்வது) வைத்தபோது திரையில் வந்த எண் −24 மில்லிவோல்ட். வரவேண்டியது −75-ஐ ஒட்டி. ஐந்தில் ஒரு பங்கு பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற எதிர் மின்னூட்டக் கொழுப்பு கலந்த சவ்வு அது. அவ்வளவு எதிர் மின்னூட்டத்தை வைத்துக்கொண்டு இது ஏன் இப்படிப் படுத்துக்கொண்டது என்று இரண்டு நாள் கொழுப்பையே சந்தேகப்பட்டேன். பழசு கெட்டுப்போயிருக்கும் என்று புதிய ஆம்பூல் ஒன்றைக்கூட உடைத்துவிட்டேன். அதன் விலையை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

மூன்றாம் நாள் சீனியர் அக்கா ஒருத்தர் வந்தார். நான் காட்டிய எண்ணை அவர் பார்க்கவேயில்லை. திரையின் அடிவரியை மட்டும் பார்த்தார்.

“ஏப்பா, தண்ணி எங்கிட்டுப் பிடிச்ச?”

“வாஷ் பாட்டில்ல இருந்ததுதான்க்கா.”

“அதுல யாரு ஊத்துனா?”

யார் ஊற்றினார்கள் என்று இன்றுவரை தெரியாது. சுத்தநீர்க் கருவி பழுதாகிக் கிடந்த வாரம் அது. யாரோ வராந்தாக் குழாயில் போர் தண்ணீரைப் பிடித்து நிரப்பி வைத்திருக்கிறார்கள். அக்கா பார்த்தது மின்கடத்துதிறன் வரியை; தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டிக்கொடுப்பது அது. 1.2 இருக்கவேண்டிய இடத்தில் 2.6 என்று அது முதல் நாளிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை.

மதுரையில் போர் தண்ணியோடு குடித்தனம் நடத்துகிற யாருக்கும் இந்தச் சங்கதி பாதி தெரியும். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. வாளி ஓரத்தில் வெள்ளையாகத் திப்பி திப்பியாக ஒட்டும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. அதன் தலையில் ஓர் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. தண்ணீரிலுள்ள கால்சியம் இரண்டு நேர் மின்னூட்டத்தோடு வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது, சோப்பு செத்துவிடுகிறது. என் லிப்போசோமுக்கு நடந்தது ஏறக்குறைய இதேதான். ஆகவே இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது ஒரே கேள்வி: எந்தத் தண்ணீர், எவ்வளவு உப்பு? அதைச் சொல்லாமல் “என் சவ்வுக்கு −40” என்று ஒருவர் சொன்னால் அவர் எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

எந்த மின்னழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம்

சவ்வு மின்னழுத்தம் என்றதும் எல்லோருக்கும் நரம்புச் செல்லின் −70 மில்லிவோல்ட்தான் ஞாபகத்துக்கு வரும். அது சவ்வுக்குக் குறுக்கே, உள்ளிருக்கும் நீருக்கும் வெளியிருக்கும் நீருக்கும் நடுவே உள்ள வேறுபாடு. உள்ளே ஒரு மின்முனை, வெளியே ஒரு மின்முனை வைத்தால் அளந்துவிடலாம்.

நாம் பேசுவது அதை அல்ல. சவ்வின் தோலை ஒட்டிய நீருக்கும், அங்கிருந்து சில நானோமீட்டர் தள்ளியிருக்கும் நீருக்கும் நடுவே உள்ள வேறுபாடு இது. இரண்டு இடமும் சவ்வின் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. பரப்பில் பதிந்த மின்னூட்டத்தால் வருவதால் பரப்பு மின்னழுத்தம். எந்த மின்முனையின் நுனியும் அந்த இடுக்கில் நுழையாது என்பதால் வோல்ட்மீட்டருக்கு இது தெரியவே தெரியாது. சுற்றி வளைத்துத்தான் அளக்க வேண்டும். இந்தத் துறையின் கஷ்டமும் சுவாரசியமும் இதில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக இருமுனை மின்னழுத்தம் என்று ஒன்று உண்டு. கொழுப்பின் தலைப்பகுதியும் எஸ்டர் பிணைப்புகளும் ஒட்டிய நீர் மூலக்கூறுகளும் ஒரே திசையில் அணிவகுப்பதால் சவ்வின் நடுப்பகுதி சுமார் 200 முதல் 400 மில்லிவோல்ட் வரை நேர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். மூன்றிலும் பெரியது இதுதான். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். படிக்கும்போது பெயர் குழம்பாமல் இருந்தால் போதும்.

மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது? முட்டை மஞ்சள் கருவில் நிறைய இருக்கும் பாஸ்ஃபாடிடைல்கோலின், சுருக்கமாகப் பிசி, நேரும் எதிரும் ஒவ்வொன்று வைத்திருப்பதால் மொத்தத்தில் சுழி. பாஸ்ஃபாடிடைல்செரின் (பிஎஸ்), பாஸ்ஃபாடிடைல்கிளிசரால் (பிஜி) இரண்டுக்கும் ஓர் எதிர் மின்னூட்டம். கார்டியோலிப்பினுக்கு இரண்டு. டோட்டாப் போன்ற செயற்கைக் கொழுப்புகளுக்கு ஒரு நேர் மின்னூட்டம். 2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது ஊரெல்லாம் தேடி அலைந்த லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி ஊசி ஞாபகமிருக்கும். அந்தக் குமிழியிலும் எதிர் மின்னூட்டமுள்ள பிஜி வகைக் கொழுப்பு ஒன்று இருக்கிறது. மருந்தின் அமினோ தொகுதியைப் பிடித்து வைப்பதில் அதற்குப் பங்குண்டு.

விளக்கை மொய்க்கும் ஈசல்

மழை விட்ட சாயங்காலம் திண்ணையில் டியூப் லைட்டைப் போட்டால் ஈசல் மொய்க்கும். குழாயை ஒட்டி அடர்த்தியாக, தள்ளிப் போகப் போக அரிதாக. ஒன்றும் ஓரிடத்தில் நிற்காது. வெளிச்சம் இழுக்கிறது; சிறகு அலைக்கழிக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த மேகம்.

எதிர் மின்னூட்டமுள்ள சவ்வைச் சுற்றி சோடியம் அயனிகள் நிற்பதும் இப்படித்தான். மின்விசை இழுக்கும், வெப்ப அசைவு கலைக்கும். இந்த மேகத்தின் கணக்கைப் பிரான்சில் கூய் 1910-இலும், இங்கிலாந்தில் சாப்மன் 1913-இலும் தனித்தனியே போட்டார்கள். பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் அயனிகளை 1924-இல் ஸ்டெர்ன் சேர்த்தார். உலோக மின்முனைக்குப் போட்ட கணக்கு அது. கொழுப்புக்கும் அதுவே வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். ஈசல் கூட்டம் கூடக் கூட வெளிச்சம் தெருவுக்கு எட்டாது. அயனி மேகமும் அப்படித்தான்: நீரில் உப்பு கூடினால் மேகம் பரப்போடு நெருங்கி அடர்ந்து, சவ்வின் மின்னூட்டத்தை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். மறைப்பு எவ்வளவு தூரத்தில் நடக்கிறது என்பதற்கு டிபை நீளம் என்று பெயர். சோடியம் குளோரைடு போன்ற எளிய உப்புக்கு, 0.3-ஐ மோலார் செறிவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நானோமீட்டரில் விடை வரும். 1 மில்லிமோலாரில் ஏறக்குறைய 10 நானோமீட்டர், 10-இல் 3, 100-இல் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. சவ்வின் தடிமனே சுமார் 5 நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் உடம்பின் உப்பில் இந்த மின்னழுத்தம் சவ்வின் தடிமன் அளவுக்குக்கூட வெளியே நீளாது.

முதல் படி: கருவியைத் தொடுவதற்கு முன் கணக்கு

எங்கள் பக்கம் வருகிற எம்எஸ்சி பிள்ளைகள் பெரும்பாலும் அளந்துவிட்டுப் பிறகு கணக்குப் போடுகிறார்கள். வந்த எண்ணுக்கு ஏற்பக் காரணம் கண்டுபிடிக்க நம் மூளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே முதலில் கணக்கு. நோட்டில் பேனாவால்.

பிசி நான்கு பங்கு, பிஎஸ் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொழுப்பு மூலக்கூறு சவ்வில் அடைக்கும் இடம் சுமார் 0.7 சதுர நானோமீட்டர். ஐந்தில் ஒன்றுக்கு மின்னூட்டம் என்றால், 0.2-ஐ 0.7-ஆல் வகுக்க, சதுர நானோமீட்டருக்கு 0.286 மின்னூட்டம். அதை 0.16-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 0.0458 கூலும். இதுதான் பரப்பு மின்னூட்ட அடர்த்தி.

அடுத்து, 1947-இல் கிரஹாம் எழுதிய சமன்பாடு. 25 டிகிரி செல்சியஸில், ஒற்றை மின்னூட்ட உப்புக்கு அதைச் சமையல் குறிப்பு மாதிரி இப்படிச் சொல்லலாம்: மின்னூட்ட அடர்த்தியை 0.117-ஆல் வகுங்கள், பிறகு உப்பின் மோலார் செறிவின் வர்க்கமூலத்தால் வகுங்கள், வந்த எண்ணுக்குத் தலைகீழ் ஹைப்பர்போலிக் சைன் எடுங்கள், 51.4-ஆல் பெருக்குங்கள். மில்லிவோல்ட்டில் விடை. நம் சவ்வுக்கு 10 மில்லிமோலார் உப்பில்: 0.0458-ஐ 0.0117-ஆல் வகுத்தால் 3.9. தலைகீழ் சைன் 2.07. பெருக்கினால் 107. மின்னூட்டம் எதிர் என்பதால் −107.

கால்குலேட்டரில் அந்தப் பொத்தான் அகப்படவில்லை என்றால், எண் இரண்டுக்கு மேல் இருக்கும்வரை அதை இரட்டித்து இயல்மடக்கை எடுத்தாலே ஏறக்குறைய சரியாக வரும்.

இதே சவ்வுக்கு 100 மில்லிமோலாரில் −54. 1 மில்லிமோலாரில் −165. ஒரு கொழுப்புத் துளியைக்கூட மாற்றவில்லை. தண்ணீரில் உப்பை மட்டும்தான் மாற்றினோம். மின்னழுத்தம் அதிகமாக உள்ள பக்கத்தில் உப்பு பத்து மடங்கு ஏறினால் சுமார் 58 மில்லிவோல்ட் இறங்கும். இந்த மூன்று எண்ணையும் மேசைக்கு முன்னால் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

−54 என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். குறியை விட்டுவிட்டு அதை 25.7-ஆல் வகுத்து, வந்த எண்ணை e-இன் அடுக்காகப் போட்டால் 8. அதாவது சவ்வை ஒட்டிய இடத்தில் சோடியம் வெளியிலிருப்பதைவிட எட்டு மடங்கு. ஹைட்ரஜன் அயனியும் எட்டு மடங்கு. ஆகவே குடுவையில் பிஹெச் 7.4 என்றால் சவ்வின் தோலில் 6.5. நீங்கள் பிஹெச் மீட்டரில் சரிபார்த்து வைத்த பஃபரைச் சவ்வு அப்படியே பார்ப்பதில்லை. இரட்டை மின்னூட்டமுள்ள கால்சியத்துக்கு எட்டின் வர்க்கம், 64 மடங்கு. என்னைக் கவிழ்த்தது இந்த 64-இன் குடும்பம்தான்.

இரண்டாம் படி: தண்ணீர்

இந்தியக் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம். முழுவதும் கால்சியம் என்று வைத்தால் 200 மில்லிகிராம் என்பது 2 மில்லிமோலார். நம் 10 மில்லிமோலார் உப்பில் அந்த 2 மில்லிமோலார் கால்சியம் சேர்ந்தால், வெறும் மறைப்பினாலேயே −107 என்பது −70 ஆகிவிடும். கால்சியம் பிஎஸ்-இலும், கொஞ்சம் பிசி-யிலும் ஒட்டிக்கொள்வதைக் கணக்கில் சேர்த்தால் −30-ஐ ஒட்டி விழும். குடிக்க நல்ல தண்ணீர், அளக்க விஷம்.

ஆகவே கேன் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். 18 மெகாஓம் சுத்தநீர், அன்றைக்குப் பிடித்தது. வாஷ் பாட்டிலில் யார் எப்போது நிரப்பியது என்று டேப் ஒட்டி எழுதிவையுங்கள். லேபில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பஃபருக்கு: 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 1 மில்லிமோலார் ஹெப்பெஸ், பிஹெச் 7.4. கூடவே 0.1 மில்லிமோலார் இடிடிஏ. கண்ணாடியிலிருந்தும் உப்புப் பொட்டலத்திலிருந்தும் வரும் துளிக் கால்சியத்தை அது பிடித்துக்கொள்ளும். பாஸ்பேட் பஃபர் சலைனை அப்படியே எடுத்து ஊற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அதில் 150 மில்லிமோலாரை ஒட்டி உப்பு இருக்கிறது. எண் சிறுத்துப்போவதோடு கருவியின் மின்முனையையும் கருக்கிவிடும்.

மூன்றாம் படி: கொழுப்பைக் காயவைத்து ஊறவைப்பது

1960-களில் கேம்பிரிட்ஜ் பக்கம் அலெக் பேங்ஹாம் லெசித்தினை நீரில் கலக்கி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அது தானாகவே மூடிய குமிழிகளாகச் சுருள்வதைக் கண்டார். அடிப்படை வேலை இன்றும் அவ்வளவுதான். மற்றதெல்லாம் குமிழிகளை ஒரே அளவாக்கும் பாடு.

குளோரோஃபார்மில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைசல் என்று வைத்துக்கொண்டால், பிஓபிசி (பிசி வகை) 304 மைக்ரோலிட்டர், பிஓபிஎஸ் (பிஎஸ் வகை) 78 மைக்ரோலிட்டர். இது 4 மைக்ரோமோலும் 1 மைக்ரோமோலும். கண்ணாடிச் சிரிஞ்சால்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் டிப்பில் எடுத்தால் குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கைக் கரைத்து, நாம் கேட்காத எதையாவது சவ்வில் சேர்த்துவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டில் அறை வெப்பத்துக்கு வருமுன் திறக்காதீர்கள், காற்றின் ஈரம் உள்ளே இறங்கும். திறந்தபின் நிதானமாகவும் இருக்காதீர்கள். குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிப்பது. சித்திரை, வைகாசியில் மின்சாரம் போய் ஏசி நின்ற அறையில் திறந்து வைத்தால் கண்ணெதிரே ஆவியாகிச் செறிவு மாறிவிடும். நான் மே மாதத்தில் இந்த வேலையைக் காலை ஏழு மணிக்கே முடித்துவிடுவேன்.

வட்ட அடிக் குடுவையில் ஊற்றி, நைட்ரஜனை மெல்ல ஊதிக்கொண்டே குடுவையைச் சுழற்றுங்கள். தோசைக்கல்லில் மாவு பரப்புகிற மாதிரி, ஓரிடத்தில் தேங்காமல் சுவரெல்லாம் மெல்லிய படலமாகக் காய வேண்டும். பிறகு வெற்றிடத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம்; இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. மூக்கில் வாசனை வரவில்லை என்பதால் குளோரோஃபார்ம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். புகைக்கூண்டை விட்டு வெளியே முகர்ந்து பார்க்கவும் வேண்டாம்.

இனி 1 மில்லிலிட்டர் பஃபர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, இடையிடையே வோர்ட்டெக்ஸில் கலக்குங்கள். கொழுப்பின் உருகுநிலைக்கு மேலான வெப்பத்தில் ஊற வேண்டும். பிஓபிசி −2 டிகிரியிலேயே உருகிவிடுவதால் கவலையில்லை. டிபிபிசி என்ற இன்னொரு பிசி என்றால் 41 டிகிரி. வெந்நீர்த் தொட்டி வேண்டும். (உருகும்போது டிபிபிசி-யின் ஒரு தலை அடைக்கும் இடம் 0.48-லிருந்து 0.63 சதுர நானோமீட்டராகப் பெருகும். அத்தகைய சவ்வில் பிஜி கலந்திருந்தால், சூடேற்றியதும் மின்னூட்ட அடர்த்தி குறைந்து மின்னழுத்தமும் இறங்கும். மதுரை வெயிலில் 41 ஒன்றும் எட்டாத எண் இல்லை.)

திரவ நைட்ரஜன் இருந்தால் ஐந்து முறை உறையவைத்து உருக்குங்கள். அடுத்தது எக்ஸ்ட்ரூடர்: 100 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் சல்லடை வழியாக இங்கிட்டும் அங்கிட்டும் 11 முறை. ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அப்போதுதான் கடைசியில் எதிர்ப்பக்கச் சிரிஞ்சில் வந்து நிற்கும். சல்லடையைத் தாண்டாத பெருங்குமிழிகள் முதல் பக்கத்திலேயே தங்கிவிடும். ஊற்றும்போது தேங்காயின் முதல் பால் மாதிரி இருந்தது, முடிக்கும்போது மூன்றாம் பால் மாதிரி மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் லேசான நீலம் தட்டும். அந்த நீலம் தெரிந்தால் அளவு சரி. ஒளிச்சிதறல் கருவியில் 110 முதல் 130 நானோமீட்டர் காட்டும்.

நான்காம் படி: கருவி

எல்லாக் கல்லூரியிலும் ஜீட்டா கருவி இருக்காது. பெரிய பல்கலைக்கழகங்களின் கருவி மையங்களில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி அளக்கலாம். ஆனால் மாதிரியைக் கூரியரில் அனுப்பாதீர்கள். கூடவே போங்கள், பஃபரையும் தனியாக எடுத்துப் போங்கள். அங்கே நீர்த்துப்போகச் செய்பவர் தண்ணீரால் நீர்த்தால் உப்பு பத்தில் ஒன்றாகி, எண் வேறு உலகத்துக்குப் போய்விடும். நீர்ப்பது எப்போதும் அதே பஃபரால்தான். பத்து அல்லது இருபது மடங்கு.

கருவி செய்வது இதுதான்: மின்புலம் கொடுத்து, குமிழி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று லேசர் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்துப் பார்க்கிறது. அளப்பது வேகத்தை மட்டும். மில்லிவோல்ட் என்பது அது நமக்காகப் போடும் கணக்கு. ஸ்மொலுசோவ்ஸ்கி சூத்திரப்படி 25 டிகிரி நீரில் நகர்திறன் எண் ஒன்றுக்கு (வோல்ட்-நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர்-சென்டிமீட்டர்) 12.8 மில்லிவோல்ட். நோட்டில் நகர்திறனையும் எழுதிவையுங்கள். சூத்திரத்தைப் பிறகு மாற்றலாம், அளவீட்டை மாற்ற முடியாது.

செல்லை (மாதிரியை ஊற்றும் சிறு கூடு) கவிழ்த்துப் பிடித்துச் சிரிஞ்சால் மெல்ல நிரப்பி, நிமிர்த்தி மீதியை நிரப்புங்கள். மின்முனையருகே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அன்றைய அளவீடு வீண். வெப்பம் நிலைப்பட இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். நீரின் பிசுபிசுப்பு டிகிரிக்கு இரண்டு சதவீதம் மாறும், வெளியே 36 டிகிரியிலிருந்து வந்த மாதிரி உடனே 25-க்கு இறங்காது. முதலில் எண் தெரிந்த லேட்டெக்ஸ் கரைசலை வைத்துக் கருவியைச் சோதியுங்கள். பாட்டிலில் போட்ட எண் வராவிட்டால் உங்கள் மாதிரியை வைப்பதில் அர்த்தமில்லை.

பிறகு, எண்ணைப் பார்ப்பதற்கு முன், மின்கடத்துதிறன். 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடுக்கு சென்டிமீட்டருக்கு 1.2 மில்லிசீமன்ஸ் வர வேண்டும். 100 மில்லிமோலாருக்கு 10.7-ஐ ஒட்டி. இந்த ஒரு வரி சரியாக இருந்தால்தான் மேலே கண்ணை உயர்த்த வேண்டும். ஒரே செல்லில் திரும்பத் திரும்ப அளக்கும்போது கடத்துதிறன் ஏறிக்கொண்டே போனாலோ, மின்முனை கறுத்தாலோ நிறுத்திவிட்டுப் புது செல் போடுங்கள். மூன்று முறை அளந்தேன் என்பதைவிட, மூன்று முறை லிப்போசோம் செய்து அளந்தேன் என்பதற்குத்தான் மதிப்பு.

கணக்கு 107, கருவி 75: யார் பொய்?

யாரும் இல்லை. மூன்று இடத்தில் கழிவு போகிறது.

சோடியமும் பிஎஸ்-இல் லேசாக ஒட்டும். பரப்பில் அது பல மடங்கு குவிந்திருப்பதால் அந்த லேசான ஒட்டலே −107-ஐ −96 ஆக்கும். அடுத்து, குமிழி நகரும்போது தோலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலமும் அதோடு ஒட்டிப் போகிறது. நழுவுதல் நடப்பது பரப்பில் இல்லை, சுமார் 0.2 நானோமீட்டர் தள்ளி. அந்த இடத்திலுள்ள மின்னழுத்தம்தான் ஜீட்டா. அங்கே −86. மூன்றாவது, ஸ்மொலுசோவ்ஸ்கி சூத்திரம் குமிழியின் ஆரம் டிபை நீளத்தைவிட மிக மிகப் பெரியது என்று எடுத்துக்கொள்கிறது. நம் குமிழியின் ஆரம் ஏறக்குறைய 50 நானோமீட்டர், டிபை நீளம் 3. விகிதம் 16 மடங்குதான். அதற்குரிய ஹென்றி காரணி (இந்த விகிதத்துக்கேற்பச் சூத்திரத்தில் போடும் திருத்த எண்) 1.5 அல்ல, 1.33. ஆகவே கருவி ஒன்பதில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறது. 86-இல் அதைக் கழித்தால் 76.

இந்தக் கழிவுகளுக்குப் பிறகும் ஐந்து பத்து மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். முப்பது இருந்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கொழுப்பு அதற்குப் பிறகு.

கருவியே இல்லாவிட்டால்

ஃப்ளூரசென்ஸ் மானி பல கல்லூரிகளில் இருக்கிறது. டிஎன்எஸ் என்று ஒரு சாயம். நீரில் மங்கலாக இருக்கும், சவ்வில் புகுந்தால் ஒளிரும். சாயத்துக்கு எதிர் மின்னூட்டம் என்பதால் எதிர் மின்னூட்டமுள்ள சவ்வு அதைத் தள்ளும். வெறும் பிசி குமிழி ஒன்று, பிஎஸ் கலந்தது ஒன்று, இரண்டையும் ஒரே அளவு எடுத்து ஒரே அளவு சாயம் விட்டுப் பாருங்கள். ஒளிர்வு எட்டில் ஒன்றாகக் குறைந்தால் மின்னழுத்தம் −54 என்று கணக்கு. சாயம் மிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயமே சவ்வில் மின்னூட்டமாகச் சேர்ந்துவிடும். எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் வருகிற கொழுப்புத் துகள்களுக்கும் இதே சாயத்தை வைத்துத்தான் எந்தப் பிஹெச்-இல் மின்னூட்டம் ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். 6-க்கும் 7-க்கும் நடுவே இருக்கும்படி வடிவமைப்பது வழக்கம். ஆகவே ஏழைக்கான மாற்று என்று இதை நினைக்க வேண்டாம்.

கடைசியாகக் கால்சியத்தை வேண்டுமென்றே போடுவது

உங்கள் எண்கள் நிலைப்பட்டபின் இதைச் செய்து பாருங்கள். இந்தமுறை பஃபரில் இடிடிஏ வேண்டாம். கால்சியம் குளோரைடு 0.1, 0.3, 1, 3, 10, 30 மில்லிமோலார் என்று தனித்தனிக் குழாய்களில் கலந்து அளங்கள். எதிர் எண் படிப்படியாகக் கரைந்து, நம் கலவைக்குச் சில பத்து மில்லிமோலாரில் சுழியைத் தொட்டு, அதற்கு மேல் நேராகத் திரும்பும். மறைப்பு மட்டும் நடந்தால் எண் சுழியை நெருங்குமே ஒழிய ஒருநாளும் தாண்டாது. தாண்டுகிறது என்பதே கால்சியம் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. சுழி அருகே குமிழிகளுக்கிடையே விலக்கு விசை போய்விடுவதால் கரைசல் கலங்கலாம். தூய பிஎஸ் குமிழிகளாக இருந்தால் சில மில்லிமோலாரிலேயே பால் திரிந்த மாதிரி ஆகி ஒன்றோடொன்று கலந்துவிடும். கலங்கிய குழாயில் வரும் எண்ணை வரைபடத்தில் போடாதீர்கள்.

இந்தக் கால்சியக் கதை குடுவையோடு நிற்பதில்லை. 1957-இல் பிராங்கன்ஹாய்சரும் ஹாட்கினும் கணவாய் மீனின் நரம்பைச் சுற்றிய நீரில் கால்சியத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தார்கள். நரம்பு 10 முதல் 15 மில்லிவோல்ட் தூண்டப்பட்டதைப் போல நடந்துகொண்டது. வெளிப்பரப்பின் எதிர் மின்னூட்டத்தை மறைக்கக் கால்சியம் இல்லாததால் தோலை ஒட்டிய நீர் இன்னும் எதிர்ப்பக்கம் போகிறது, சவ்வுக்குள் இருக்கும் சோடியம் வாயிலுக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு குறைந்துவிட்டதாகத் தெரிகிறது, அது திறந்துகொள்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தவருக்கு விரல்கள் தானாகக் குவிந்து இழுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இது. அந்த நேரத்தில் நரம்புக்குள் மின்முனையைச் செருகி அளந்தால், அது வழக்கமான −70-ஐ ஒட்டித்தான் காட்டிக்கொண்டிருக்கும்.